பொறி சுடாது, கஞ்சி சுடும்

கம்பி மத்தாப்பு பிடிக்க வயது வரம்பு கிடையாது. தீபாவளியன்று மூன்று வயதுக் குழந்தையின் கையிலும் ஒரு கம்பியைக் கொடுத்து, பெரியவர்கள் பின்னால் நின்று அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பொறிகள் நாலாபுறமும் தெறிக்கும். அவற்றில் நாலைந்தாவது குழந்தையின் புறங்கையில் விழும். குறுகுறுவென்று இருக்கும், சில சமயம் சுருக்கென்னும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

அந்தப் பொறிகளின் வெப்பநிலை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல்.

அதே வீட்டுச் சமையலறையில் சோறு வடிக்கும்போது மூடி கொஞ்சம் நழுவி, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி விரலில் கொட்டிவிட்டால் கதையே வேறு. குழாயடிக்கு ஓட வேண்டும். சற்று நேரத்தில் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பிவிடும். இத்தனைக்கும் கஞ்சி 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆயிரம் டிகிரி தொட்டுவிட்டுப் போகிறது, நூறு டிகிரி தோலை உரிக்கிறது. இது எப்படி?

வெப்பநிலை என்பது ஒரு பொருள் எந்த அளவுக்குச் சூடேறி நிற்கிறது என்று காட்டும் எண். அந்தப் பொருள் குளிரும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது வேறு கணக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பது இன்று எட்டாம் வகுப்புப் பாடம். ஆனால் நல்ல வெப்பமானிகள் கைக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் இதில் தடுமாறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

விளாவும் கணக்கு

குளிக்க வெந்நீர் விளாவத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் முதல் பாதி தெரியும். 80 டிகிரியில் ஒரு சொம்பு வெந்நீர், 30 டிகிரியில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர். கலந்தால் 55, சரியாக நடுவில். வெந்நீர் 25 டிகிரி இறங்கியது, பச்சைத் தண்ணீர் 25 டிகிரி ஏறியது. பச்சைத் தண்ணீரை இரண்டு சொம்பாக்கினால் விடை அந்தப் பக்கம் சாயும். வெப்பமானி இல்லாமலே விரல் நுனியால் தினமும் போடும் கணக்குதான் இது.

தண்ணீரோடு தண்ணீரைக் கலக்கும்வரை சிக்கல் இல்லை. வேறு பொருளைக் கலந்தால் என்ன ஆகும்?

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹாலந்தின் லைடன் நகரில் ஹெர்மன் பூர்ஹாவ என்ற மருத்துவப் பேராசிரியருக்கு இந்தக் கேள்வி வந்தது. தமது நண்பரான வெப்பமானி செய்பவரிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அந்த நண்பர்தான் ஃபாரன்ஹீட். அவர் பாதரசத்தையும் தண்ணீரையும் கலந்து பார்த்தார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. எடைக்கு ஏற்ற வெப்பம் என்றால், ஒரே கன அளவு எடுத்துக் கலக்கும்போது பாதரசத்தின் கைதான் ஓங்க வேண்டும். கன அளவுக்கு ஏற்ற வெப்பம் என்றால் விடை நடுவில் வர வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. தண்ணீரின் கை ஓங்கியது. இரண்டு பங்கு தண்ணீருக்கு மூன்று பங்கு பாதரசம் எடுத்தால்தான் விடை நடுவில் வந்தது. அதன் பொருள் பூர்ஹாவவுக்கும் பிடிபடவில்லை, ஃபாரன்ஹீட்டுக்கும் பிடிபடவில்லை.

பிடித்தவர் ஜோசப் பிளாக். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். 1760 வாக்கில் அவர் அந்தப் பழைய சோதனையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். தம் மாணவர்களுக்கு அவர் சொன்ன கணக்கு இது. 100 டிகிரி (ஃபாரன்ஹீட் அளவையில்) தண்ணீரும் 150 டிகிரி பாதரசமும் ஒரே கன அளவு. கலந்தால் 125 வரவில்லை, 120 வருகிறது. பாதரசம் 30 டிகிரியை இழந்திருக்கிறது, தண்ணீர் 20 டிகிரிதான் ஏறியிருக்கிறது. பாதரசம் விட்ட வெப்பம் எதுவோ அதுவேதான் தண்ணீருக்குள் போனது. ஆக, பாதரசத்தை 30 டிகிரி ஏற்றப் போதுமான வெப்பம், அதே அளவு தண்ணீரை 20 டிகிரிதான் ஏற்றும். அத்தனை கனமான பாதரசத்தைச் சூடாக்குவது தண்ணீரைச் சூடாக்குவதைவிட எளிது.

நல்ல கருவியோடு இன்று இதைச் செய்தால் 120 வராது, 115-ஐ ஒட்டி வரும். பிளாக்கின் எண் சற்றுத் தப்பு, கருத்து தப்பவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்றுக்கொள்ள அதற்கே உரிய ஓர் அளவு உண்டு. அதை எடையும் தீர்மானிப்பதில்லை, கன அளவும் தீர்மானிப்பதில்லை. பொருளின் இயல்பு தீர்மானிக்கிறது. பிளாக் இதை நூலாக எழுதவில்லை, வகுப்பில் சொன்னதோடு சரி. 1799-இல் அவர் இறந்த பிறகு அவருடைய நண்பர் ஜான் ராபிசன் அந்தச் சொற்பொழிவுகளைத் தொகுத்து 1803-இல் வெளியிட்டார்.

ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பத்தைத் 'தன்வெப்பம்' என்பார்கள். தண்ணீரை வைத்தே அதற்கு அலகும் வந்தது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்றும் வெப்பம் ஒரு கலோரி. (பிஸ்கட் உறையில் அச்சிடும் கலோரி இதைப் போல் ஆயிரம் மடங்கு. அந்தக் குழப்பத்தை உணவுத் துறை இன்னும் தீர்த்துவைக்கவில்லை.) தண்ணீருக்கு 1 என்றால் சமையல் எண்ணெய்க்கு ஏறக்குறைய 0.5, அலுமினியத்துக்கு 0.21, மணலுக்கு 0.2, இரும்புக்கு 0.11, பாதரசத்துக்கு 0.033, ஈயத்துக்கும் தங்கத்துக்கும் 0.031.

பொறியை நிறுத்துப் பார்த்தால்

இந்த எண்களை எடுத்துக்கொண்டு மத்தாப்புக்குத் திரும்பலாம்.

கம்பியில் பூசியிருக்கும் மருந்தில் இரும்புத் தூளும் உண்டு. மருந்து எரியும்போது அந்தத் தூள் சிவக்கக் காய்ந்து வெளியே தெறிக்கிறது, காற்றில் எரிகிறது. பொறி என்பது அந்தத் துணுக்குதான். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவு இரும்பு உருண்டையின் எடை ஒரு கிராமில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு.

பொறி 1,000 டிகிரியிலிருந்து உடம்புச் சூடான 37-க்கு இறங்குகிறது. ஏறத்தாழ 960 டிகிரி இறக்கம். நன்றாகக் காய்ந்த இரும்பின் தன்வெப்பம் கொஞ்சம் கூடும் என்பதால் 0.15 என்று எடுப்போம். ஒரு கிராம் இரும்பு இப்படி இறங்கினால் 145 கலோரி வெளிவரும். பொறியோ கிராமில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே அது கைக்குத் தருவது ஒரு கலோரியில் 1,700-இல் ஒரு பங்குதான்.

இனி கஞ்சி. ஒரே ஒரு துளி, 0.05 கிராம். 100-இலிருந்து 37-க்கு இறங்குகிறது, 63 டிகிரி. கஞ்சியில் பெரும்பங்கு தண்ணீர்தான், தன்வெப்பம் 1 என்றே வைக்கலாம். விடை 3 கலோரிக்குச் சற்று மேல். பொறி தந்ததைப் போல் ஐயாயிரம் மடங்குக்கும் அதிகம். வடிக்கும்போது கையில் கொட்டுவது ஒரு துளியும் அல்ல, ஒரு கரண்டி.

இதில் இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பெரிய காரணம் எடை. பொறி அவ்வளவு சின்னது. இரண்டாவது தன்வெப்பம். கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால், பொறியின் இறக்கம் தண்ணீரின் இறக்கத்தைப் போல் 15 மடங்கு. ஆனால் அது தரும் வெப்பம் 145-க்கு 63, இரண்டேகால் மடங்குதான். மீதியை இரும்பின் குறைந்த தன்வெப்பம் விழுங்கிவிட்டது.

கைக்கு வந்து சேர்ந்த பொறி இன்னும் எரிந்து முடியாமல் இருந்தால்? இரும்பு எரிகிற வெப்பமும் சேரும், கணக்கு பத்து மடங்கு வரை ஏறலாம். அப்படியே ஏறினாலும் ஒரு துளிக் கஞ்சி அதைப் போல் 500 மடங்கு.

தோலின் பக்கமிருந்தும் பார்க்கலாம். பொறி விழுந்த இடத்தில் ஒரு கன மில்லிமீட்டர் தோல் அந்த வெப்பத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறது என்றால், அந்தத் தோல் ஒரு டிகிரிகூட ஏறாது. பொறி பட்ட புள்ளியில் மட்டும் கணநேரம் சூடு உறைக்கும். அந்தச் சுருக் அதுதான்.

ஆனால் எரிந்து முடிந்த கம்பி? அதன் நிறம் மங்கிவிடும், பார்வைக்கு ஆறிப்போனது போல் கிடக்கும். கம்பியின் எடை 10 கிராம், சூடு 600 டிகிரி என்று வைத்தாலும் அதற்குள் 700 கலோரிக்கு மேல் இருக்கிறது. தீபாவளிப் புண்களில் பல, குழந்தைகள் தரையில் கிடக்கும் கம்பியை மிதிப்பதாலோ எடுப்பதாலோ வருகின்றன. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அதில் போடும் வீட்டு வழக்கம் சரியானது. அந்த 700 கலோரி ஐந்து லிட்டர் தண்ணீரில் போய்ச் சேர்ந்தால், தண்ணீர் ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்குதான் ஏறும். கையை விட்டுப் பார்த்தாலும் தெரியாது.

கடுகு தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய்க்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்ணெயின் தன்வெப்பம் பாதிதான், ஆனால் அது 180 டிகிரியில் இருக்கிறது. கிராமுக்கு 70 கலோரியை ஒட்டி வரும், கொதிநீரும் எண்ணெயும் ஏறக்குறைய சமம். எண்ணெய் தோலில் ஒட்டிக்கொண்டு வழியாமல் நிற்பது கூடுதல் கெடுதல். நீராவிதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் கையில் படும் ஆவி, தோலில் தண்ணீராக மாறும்போதே கிராமுக்கு 540 கலோரியைக் கொட்டிவிடுகிறது. பிறகுதான் கொதிநீரின் 63. வெப்பநிலை மாறாமலே இப்படி ஒளிந்திருக்கும் 'உள்ளுறை வெப்பத்தை'க் கண்டவரும் அதே பிளாக்தான்.

கல் காய்கிற நேரம்

தன்வெப்பம் குறைந்த பொருள் சீக்கிரம் சூடேறும் என்றால், இரும்புத் தோசைக்கல் காய ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? கேள்வி நியாயமானது. தன்வெப்பம் ஒரு கிராமுக்கான கணக்கு. அடுப்பின் மேல் இருப்பது முழுக் கல். கல்லின் எடையையும் தன்வெப்பத்தையும் பெருக்கினால் வருவது அதன் 'வெப்ப ஏற்புத்திறன்', அதாவது முழுப் பொருளையும் ஒரு டிகிரி ஏற்ற ஆகும் வெப்பம்.

இரண்டரை கிலோ இரும்புக் கல்லுக்கு அது டிகிரிக்கு 275 கலோரி. அரை கிலோ அலுமினிய நான்ஸ்டிக் தவாவுக்கு 107. அலுமினியத்தின் தன்வெப்பம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு என்றாலும் எடையில் அது தோற்றுவிட்டது. தவா சட்டென்று காய்வதும் சட்டென்று ஆறுவதும் இதனால்தான்.

மாவை ஊற்றும்போது வித்தியாசம் தெரியும். 100 கிராம் மாவை 30-இலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 6,000 கலோரி ஆகும். அந்த முதல் விநாடிகளில் அடுப்பு ஈடுகொடுப்பதற்குள் முழுச் செலவையும் கல்லே ஏற்க நேர்ந்தால், இரும்புக் கல் 22 டிகிரி இறங்கும். தவா 56 டிகிரி இறங்கிவிடும். மாவிலிருந்து தண்ணீர் ஆவியாகும் செலவு இன்னும் இதில் சேரவில்லை. முறுகல் வேண்டும் என்பவர்கள் கனமான கல்லை விட மறுப்பதில் வெறும் பழம்பெருமை மட்டும் இல்லை.

எண்ணெயும் தண்ணீரும் ஒரே அடுப்பில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 30-இலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 70,000 கலோரி. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு அதில் பாதிகூட ஆகாது. 100-ஐத் தொட்டதும் தண்ணீர் கொதித்து, வருகிற வெப்பத்தையெல்லாம் ஆவியாக வெளியே அனுப்பி, அதே இடத்தில் நின்றுவிடும். எண்ணெய்க்கு அப்படி நிற்கும் இடம் பக்கத்தில் இல்லை. அது 150, 200 என்று ஏறிப் புகைந்து, கடைசியில் பற்றிக்கொள்ளும். வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேச நிற்கக் கூடாது என்பது இதனால்தான்.

தலைக்கு ஓர் இலை

ஈயத்துக்கு 0.031, இரும்புக்கு 0.11, அலுமினியத்துக்கு 0.21. ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன? இந்த எண்களில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

1819-இல் பாரிஸில் பியர் லூயி துலோங், அலெக்சிஸ் பெட்டி என்ற இருவர் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். துலோங் சோதனைச்சாலையில் வெடிக்கும் சேர்மம் ஒன்றைத் தயாரிக்கப் போய் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தவர். பெட்டிக்கு ஆயுள் அடுத்த ஆண்டு வரைதான் இருந்தது. இருவரும் செய்தது எளிமையான பெருக்கல். ஒவ்வோர் உலோகத்தின் தன்வெப்பத்தையும் அதன் அணு எடையால் பெருக்கினார்கள். இன்றைய எண்களை வைத்துச் செய்தால் இப்படி வரும். ஈயம் 207 பெருக்கல் 0.031, விடை 6.4. தங்கம் 6.1. இரும்பு 6.0. செம்பு 5.8. அலுமினியம் 5.8. துலோங்-பெட்டி காலத்தில் அலுமினியம் என்ற உலோகம் பிரித்தெடுக்கப்படவே இல்லை. பின்னால் வந்தும் அது அதே வரிசையில் போய் நின்றுகொண்டது.

எல்லாம் 6-ஐச் சுற்றியே வருகின்றன. அணு எடையால் பெருக்குவது என்றால், கிராமை விட்டுவிட்டு ஒரே எண்ணிக்கை அணுக்களை எடுத்து ஒப்பிடுவது. அப்படி ஒப்பிட்டால் வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் ஆளை நிறுத்துப் பார்த்தா சோறு போடுகிறார்கள்? தலைக்கு ஓர் இலை, அவ்வளவுதான். வெப்பமும் அப்படியே. குண்டு ஈய அணுவுக்கும் ஒல்லி அலுமினிய அணுவுக்கும் ஒரே பங்கு. ஒரு கிராம் அலுமினியத்தில் இருக்கும் அணுக்கள் ஒரு கிராம் ஈயத்தில் இருப்பதைப் போல் ஏழரை மடங்குக்கு மேல். இலைகள் அதிகம், அதனால் சோறும் அதிகம் செலவாகிறது.

ஈயத்தின் தன்வெப்பம் குறைவு என்றால் ஈயம் வெப்பத்தை 'ஏற்க மறுக்கிறது' என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஒரு கிராமில் அணுக்கள் குறைவு, அதுவே காரணம். அணு என்று ஒன்று இருக்கிறதா என்றே வேதியியலாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வெப்பமானியும் ஒரு தராசும் அணுக்களை எண்ணத் தொடங்கிவிட்டன. சந்தேகத்தில் இருந்த சில அணு எடைகளைத் திருத்தவும் இந்த விதி பயன்பட்டது.

வைரத்தின் முரண்டு

பந்தியில் உட்கார மறுத்தது வைரம். கார்பனின் அணு எடை 12, அறை வெப்பநிலையில் வைரத்தின் தன்வெப்பம் 0.12. பெருக்கினால் 1.4-ஐ ஒட்டி வருகிறது. வர வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. 1870களில் ஹைன்ரிஷ் ஃபிரீட்ரிஷ் வெபர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் வைரத்தைச் சூடாக்கிச் சூடாக்கி அளந்தார். சூடு ஏற ஏற எண்ணும் ஏறியது. சுமார் 1,000 டிகிரியில் அது 5.5-ஐ நெருங்கியது. குளிர்ந்த வைரம் வெப்பத்தை ஒதுக்குகிறது, காய்ந்த வைரம் மற்றவை போலவே ஏற்றுக்கொள்கிறது. ஏன் என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வெபர் பிறகு ஜூரிச்சுக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே அவருக்கு அடங்காத மாணவன் ஒருவன் வாய்த்தான், பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் 1907-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் ஐன்ஸ்டைன் வெபரின் வைர எண்களையே எடுத்து அந்தப் புதிரை அவிழ்த்தார். அணுக்கள் அதிரும்போது ஆற்றலை எந்த அளவிலும் வாங்கிக்கொள்வதில்லை, பொட்டலம் பொட்டலமாகத்தான் வாங்குகின்றன என்றார். மெதுவாக அதிரும் அணுவுக்குப் பொட்டலம் சின்னது, வேகமாக அதிரும் அணுவுக்குப் பெரியது. கார்பன் அணு லேசானது, வைரத்துக்குள் அதன் பிடிப்பு மிக இறுக்கம். இரண்டும் சேர்ந்து அதை மிக வேகமாக அதிரவைக்கின்றன. அதற்கான பொட்டலமோ அறை வெப்பநிலையால் எளிதில் கொடுக்க முடியாத அளவுக்குப் பெரியது. பந்தியில் பரிமாறுகிறவர் கையில் இருப்பது அண்டா அளவுக் கரண்டி. அதை நிரப்பப் போதுமான சோறு அடிக்கடி கிடைப்பதில்லை, பல இலைகள் காலியாகவே இருந்துவிடுகின்றன. ஈய அணு மெதுவாக அதிர்வது, அதற்கு ஒரு தேக்கரண்டி போதும்.

போதுமான அளவு குளிர்வித்தால் எல்லாத் திண்மங்களின் தன்வெப்பமும் வைரத்தைப் போலச் சரிய வேண்டும் என்பது இதன் விளைவு. பெர்லினில் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானி 1910 வாக்கில் மிகக் குறைந்த வெப்பநிலைகளில் அளந்து அதை உறுதிசெய்தார். 1912-இல் பீட்டர் டிபை என்பவர் ஐன்ஸ்டைனின் கணக்கைச் செப்பனிட்டார். ஆற்றல் பொட்டலமாகத்தான் வரும் என்ற குவாண்டம் கருத்து ஒளியை விட்டு இறங்கித் திண்மப் பொருளுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமனுக்கும் வைரத்தின் மேல் தீராத ஆசை உண்டு. வைரங்களைச் சேகரித்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அதிர்கின்றன, அதிலிருந்து தன்வெப்பத்தை எப்படிக் கணக்கிடுவது என்பது குறித்து 1940களில் தமக்கென்று ஒரு கொள்கையை முன்வைத்தார். அதில் அவர் மோதியது இயற்பியலாளர் மாக்ஸ் பார்னோடு. 1930களின் நடுவில் அந்த பார்னைப் பெங்களூருக்கு அழைத்து வந்தவரும் ராமன்தான். விவாதம் நீண்டு கசந்தது. பிந்தைய சோதனைகள் பார்ன் பக்கமே சாய்ந்தன. ராமன் கடைசிவரை இறங்கிவரவில்லை.

தண்ணீரின் தாராளம்

தன்வெப்பத்தில் தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை என்று சொல்வார்கள். கறாராகப் பார்த்தால் அது சரியல்ல. திரவ அம்மோனியா கொஞ்சம் மிஞ்சும். ஹைட்ரஜன் வாயு தண்ணீரைப் போல் மூன்றரை மடங்கு, ஒரு கிராமில் அத்தனை மூலக்கூறுகள். ஆனால் அன்றாடம் கையில் படும் பொருள்களில் தண்ணீர்தான் முதலிடம்.

பனிக்கட்டியிலும் தண்ணீரிலும் அணுக்கள் ஒன்றுதான், எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆனால் பனிக்கட்டியின் தன்வெப்பம் 0.5. நீராவிக்கும் அதை ஒட்டியே வருகிறது. திரவமாக இருக்கும்போது மட்டும் இரட்டிக்கிறது. தலைகளை எண்ணி மட்டும் இதற்கு விடை கிடைக்காது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் வழியாகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. சூடாக்கும்போது வெப்பத்தில் ஒரு பகுதி மூலக்கூறுகளின் ஆட்டத்தைக் கூட்டுகிறது, இன்னொரு பகுதி அந்தப் பிடிகளைத் தளர்த்துவதில் செலவாகிறது. வெப்பமானிக்குத் தெரிவது ஆட்டம் மட்டும்தான். பனிக்கட்டியில் பிடிகள் அனேகமாக அசையாமல் நிற்கின்றன, ஆவியில் பிடிகளே இல்லை. இரண்டிலும் அந்த இரண்டாவது செலவு கிடையாது.

சித்திரை வெயிலில் மெரினா மணல் காலைச் சுடுவதற்கும் கடல் குளிர்ந்து கிடப்பதற்கும் பாடநூல்கள் தரும் காரணம் இதுதான். மணலின் தன்வெப்பம் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. இங்கே பாடநூல்கள் கொஞ்சம் அவசரப்படுகின்றன. நண்பகலில் காய்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும், கடலின் மேற்பரப்போ பகலில் ஒரு டிகிரி ஏறினாலே அதிகம். ஐந்து மடங்குக் கணக்கு இதற்குப் போதாது. மணலில் விழும் வெயில் மேலே சில அங்குலத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முழங்கை ஆழம் தோண்டினால் குளிர்ந்த மணல் கைக்கு வரும். கடலில் வெளிச்சம் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது, போதாததற்கு ஆவியாதலும் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. தன்வெப்பம் ஒரு காரணம், பங்குபோட்டுக்கொள்ளும் தண்ணீரின் எடை அதைவிடப் பெரிய காரணம். பொறிக்கும் கஞ்சிக்கும் போட்ட அதே இரண்டு கணக்கு.

இந்த வித்தியாசத்தில்தான் சென்னையின் கடற்காற்று பிறக்கிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி எழும்ப, கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருக்கும் நாட்களில் அது கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். நகரம் 40 டிகிரியைத் தாண்டுவது அனேகமாக அப்படிப்பட்ட நாட்களில்தான்.

கடலின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்புக்கும் மேலே வானம் வரை நிற்கும் காற்றின் எடை சுமார் 10 டன். காற்றின் தன்வெப்பம் 0.24. அத்தனை காற்றையும் ஒரு டிகிரி ஏற்றும் வெப்பம், கீழே இரண்டரை மீட்டர் ஆழத் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றவே சரியாகப் போகும். கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர் அளவு. பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தங்கிவிட்ட கூடுதல் வெப்பத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு கடலுக்குள் போயிருக்கிறது. காற்றை அளக்கும் வெப்பமானிகள் காட்டுவது மிச்சத்தில் ஒரு பகுதியைத்தான்.

கல்பாக்கத்தின் சோடியம்

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கடலோரத்தில் இருப்பதற்கு ஒரு காரணம், வெப்பத்தை ஏற்பதில் தண்ணீர் காட்டும் இந்தத் தாராளம். சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்க அங்கே கடல்நீரைத்தான் பாய்ச்சுகிறார்கள்.

ஆனால் அதே வளாகத்தில் இருக்கும் வேக ஈனுலை என்ற அணு உலைக்குள், எரிபொருளைத் தொட்டுக்கொண்டு ஓடும் திரவம் தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். அதன் தன்வெப்பம் 0.3. ஒரு கிராம் சோடியம் தூக்கிச் செல்லும் வெப்பம் தண்ணீர் தூக்குவதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. பிறகு ஏன் அது? தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துவிடும், வேக ஈனுலைக்கு வேண்டியதோ வேகமான நியூட்ரான்கள். அடுத்தது, சோடியம் உலோகம் என்பதால் எரிபொருளின் பரப்பிலிருந்து வெப்பத்தை வாங்கும் வேகத்தில் தண்ணீரால் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதன் வெப்பம் கடத்தும் திறன் தண்ணீரைப் போல் நூறு மடங்கு அளவு. கொதிக்க 883 டிகிரி ஆக வேண்டும் என்பதால், 500 டிகிரிக்கு மேலும் அழுத்தம் இல்லாமலே திரவமாக இருக்கும். அதே சூட்டில் தண்ணீரைத் திரவமாக வைத்திருக்க எந்த அழுத்தமும் போதாது. குறைந்த தன்வெப்பத்தை எடையால் ஈடுகட்டுகிறார்கள். உலையின் மையமே பெரிய சோடியக் குளத்துக்குள் மூழ்கியிருக்கிறது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் கொஞ்ச நேரம் ஊறிக்கொண்டிருக்கும் வெப்பத்தை, குளிர்விக்கும் ஏற்பாடுகள் முழுவீச்சில் இயங்கும்வரை, அந்தக் குளமே தாங்கிக்கொள்ளும்.

இதற்கு விலையும் உண்டு. சோடியம் காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடித்துச் சீறும். அதனால் குளத்தின் மேற்பரப்பை ஆர்கான் வாயுவால் மூடி வைக்கிறார்கள். 98 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறைந்து கட்டியாகிவிடும் என்பதால், உலை ஓடாத நாட்களில்கூடக் குழாய்களைச் சுற்றி மின்சூடேற்றிகள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.